ஹார்மோன் மாத்திரை: விரல் மடங்கவில்லை, தூக்கம் வரவில்லை. நிறுத்திவிடலாமா?

வண்ணை_தையல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 56, ஊர் பழைய வண்ணாரப்பேட்டை. மார்பில் புற்றுக்கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, அப்புறம் கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்தது. போன வருஷத்திலிருந்து லெட்ரோசோல் 2.5 மி.கி., தினம் ஒரு மாத்திரை. ஐந்து வருஷம் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கீமோவில் முடி கொட்டியது, வாய் முழுக்க புண், சோற்றைப் பார்த்தாலே குமட்டல். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன், ஒரு நாள் முடிந்துவிடும் என்று தெரிந்ததால். இந்த மாத்திரை அப்படி இல்லை. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் விறைத்துக் கிடக்கின்றன. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கிறவர்கள் நேராக என்னிடம் வந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மிஷின் மிதித்துவிடலாம். கொக்கி வைக்க ஊசியைப் பிடித்தால்தான் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர மாட்டேன் என்கின்றன. மோதிர விரலை மடக்கினால் அப்படியே மாட்டிக்கொள்கிறது. இன்னொரு கையால் இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம்தான் நிமிர்கிறது.

செக்கப்பில் சொன்னேன். "இந்த வயசில் மூட்டுவலி எல்லாருக்கும்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டிலோ, "அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன" என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது. இதே மாத்திரை போடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

காசிமேடு_மீன்காரி எழுதியது:

அக்கா, அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வேறு மாத்திரை, டாமாக்சிஃபென் 20. மாதவிலக்கு நிற்கும் வயது வருவதற்கு முன்பே எனக்கு நோய் வந்ததால் இதைக் கொடுத்தார்கள். எனக்கு மூட்டு அவ்வளவு தொல்லை இல்லை. சூடுதான் தொல்லை.

எப்படி என்றால், நெஞ்சிலிருந்து கிளம்பி கழுத்து, முகம், காது மடல் வரைக்கும் குப்பென்று ஏறும். ஒரு நிமிஷத்தில் ஜாக்கெட் முதுகு பூராவும் நனைந்துவிடும். அடுத்த நிமிஷம் குளிர் எடுக்கும். ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே வேர்த்துக் கொட்டும். வாடிக்கையாளர்கள் பயந்துபோய் "சோடா வாங்கித் தரவா" என்பார்கள்.

எது கிளப்பிவிடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கொதிக்கக் கொதிக்க டீ குடித்தால் வருகிறது. ஏலத்தில் சத்தம் போட்டால் வருகிறது. இரவில் காரக் குழம்பு சாப்பிட்டால் விடியும் வரை மூன்று நான்கு முறை எழுப்பிவிடுகிறது. குழம்பை நான் விட முடியாது, மீன் வியாபாரம் செய்துவிட்டு குழம்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவது. மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன், இரவில் மோர் சோறு, இட்லி. டீயை ஆற்றிக் குடிக்கிறேன். நைலக்ஸ் புடவையை விட்டுவிட்டு நூல் புடவை. தலையணைமேல் ஒரு பருத்தித் துண்டு, பக்கத்தில் மாற்று நைட்டி. நனைந்ததும் விளக்குப் போடாமலே மாற்றிக்கொண்டு படுத்தால் தூக்கம் முழுசாகக் கலைவதில்லை.

போன கத்திரி வெயிலில் இதெல்லாம் போதவில்லை. டாக்டரிடம் அழுதேவிட்டேன். வென்லாஃபாக்சின் என்று ஒரு மாத்திரை குறைந்த அளவில் எழுதித் தந்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று தெரிந்து வீட்டில் ஒரே ரகளை. இந்தச் சூட்டுக்கும் அதைக் கொடுப்பது வழக்கம்தான் என்று டாக்டரே என் வீட்டுக்காரரிடம் சொன்னார். சுத்தமாக நிற்கவில்லை, ஆனால் பாதிக்குப் பாதி குறைந்தது. எனக்கு அதுவே பெரிது.

---

ராயபுரம்_சிஸ்டர் எழுதியது:

வண்ணை_தையல் அம்மா, நான் பல வருஷம் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் டாக்டருக்குத்தான் உங்கள் ரிப்போர்ட் தெரியும், அதனால் நான் சொல்வதை அவரிடம் கேட்பதற்கான கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வலி உங்கள் கற்பனை இல்லை, வயசுக் கோளாறு மட்டும் என்று தள்ளவும் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் ஊறிக்கொண்டுதான் இருக்கும். சினைப்பையிலிருந்து அல்ல, கொழுப்புத் திசுவிலும் மற்ற இடங்களிலும் அரோமடேஸ் என்ற நொதி அதைத் தயாரிக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் அந்த நொதியை அடக்குகிற மருந்துகள். மிச்சமிருந்த ஈஸ்ட்ரோஜெனும் வற்றிப்போவதால் புற்று செல்லுக்குத் தீனி இல்லை. அதே காரணத்தால் மூட்டும் எலும்பும் பிறப்புறுப்பும் கஷ்டப்படுகின்றன. காலை விறைப்பு, விரல் மாட்டிக்கொள்வது, இரவில் கை மரத்துப்போவது எல்லாம் இந்த மருந்துகளில் நன்றாகத் தெரிந்த பக்க விளைவுகள். நீங்கள் சொன்ன 'டக்' சத்தத்துக்கு டிரிக்கர் ஃபிங்கர் என்று பெயர்.

காசிமேட்டுத் தங்கச்சி போடுகிற டாமாக்சிஃபென் வேறு வழியில் வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜெனை உடம்பில் விட்டுவைக்கும், மார்பக செல்லில் மட்டும் அது போய் ஒட்டாதபடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தொல்லைகளும் வேறு.

நிறுத்துவதைப் பற்றி. ஈஸ்ட்ரோஜெனைத் தீனியாக்கி வளர்கிற 'ஈஸ்ட்ரோஜென் பாசிடிவ்' வகையில் ஐந்து வருஷம் டாமாக்சிஃபென் போட்டவர்களுக்கு, 15 வருஷக் கணக்கில் பார்த்தால், இந்த நோயால் சாகிற ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரை முடிந்த பிறகும் அந்தப் பலன் தொடர்கிறது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு நீங்கள் போடுகிற வகை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றுகிறது. இவ்வளவு பெரிய காரியத்தை நீங்கள் தனியாக, வலியோடு, ராத்திரியில் முடிவு செய்யக் கூடாது.

ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: சில வாரம் இடைவெளி விட்டு வேறொரு அரோமடேஸ் மாத்திரைக்கு மாறலாமா? ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. அதுவும் முடியாவிட்டால் டாமாக்சிஃபெனுக்கு மாறலாமா? வைட்டமின் டி பார்த்தார்களா, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்சா ஸ்கேன் எடுத்தார்களா? வலிக்கு டூலாக்செடின் என்ற மாத்திரை பொருந்துமா? மாட்டிக்கொள்கிற விரலை எலும்பு டாக்டரிடம் காட்டலாமா? சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் மேசையில் வையுங்கள். வாயால் சொன்னால் "சரிம்மா" என்று போய்விடும், சீட்டு கண்முன் இருந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில்: எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெதுவாக மடக்கி விரியுங்கள். தையலைக் காலை முதல் வேலையாக வைக்காதீர்கள். அப்புறம் நடை. வலிக்கும்போது நடக்கச் சொல்கிறாளே என்று கோபம் வரும். ஆனால் வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடையும் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் செய்தவர்களுக்கு இந்த மாத்திரையின் மூட்டுவலி குறைந்தது என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிஷம்தான் கொடுமை.

---

மூலக்கொத்தளம்_மூலிகை எழுதியது:

இங்கிலீஷ் மருந்து ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கெடுக்கும். பெண்களின் உடம்பு வற்றிப்போனால் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதும், சூடும் அடங்கும், மூட்டும் இளகும். என் அத்தைக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் அதுதான் கைகொடுத்தது. நல்ல எண்ணத்தில் சொல்கிறேன்.

---

கொருக்குப்பேட்டை_மெடிக்கல் எழுதியது:

அண்ணா, உங்கள் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் அத்தைக்குக் கைகொடுத்திருக்கும். ஆனால் அவருக்கு மார்பகப் புற்று இல்லை. இந்த அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜெனைக் குறைக்கத்தான் மருந்தே கொடுக்கிறார்கள். தண்ணீர்விட்டான் கிழங்கில் ஈஸ்ட்ரோஜென் மாதிரி வேலை செய்யக்கூடிய பொருட்கள் இருப்பதால்தான் அதைப் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். அதை இவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் சாப்பிடவே கூடாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் மாத்திரைச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு படித்த சித்த மருத்துவரிடம் போகட்டும், அதைப் புற்றுநோய் டாக்டரிடமும் சொல்லட்டும்.

நான் மருந்துக் கடை வைத்திருப்பவன். கவுண்டரில் பார்ப்பதைச் சொல்கிறேன். டாமாக்சிஃபென் போடுகிறவர்கள் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று வேறொரு டாக்டரிடம் போய், பராக்செடின் அல்லது ஃப்ளுவாக்செடின் எழுதி வாங்கி வருவார்கள். இந்த இரண்டும் டாமாக்சிஃபென் கல்லீரலில் வீரியமான பொருளாக மாறுவதைத் தடுக்கும். காசிமேட்டு அக்காவுக்கு வென்லாஃபாக்சின் கொடுத்தது அதனால்தான், அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், "நான் இந்த மாத்திரை போடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மீல் மேக்கர் குருமா சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாப்பாட்டில் வருகிற அளவு சோயாவுக்குப் பயப்பட வேண்டாம். டப்பாவில் விற்கிற சோயா சத்து மாத்திரைதான் வேண்டாம். ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

---

திருவொற்றியூர்_மகள் எழுதியது:

என் அம்மாவுக்கு அனஸ்ட்ரோசோல். மாதா மாதம் நான்தான் வாங்கி வருவேன். ஒரு முறை அலமாரி சுத்தம் செய்தபோது குங்குமச்சிமிழுக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் கிடைத்தன. அம்மாவிடம் சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று மட்டும் கேட்டேன். "படி ஏற முடியலடி. வடிவுடையம்மன் சந்நிதியில நின்னு கும்பிட முடியல. உன்கிட்ட சொன்னா திட்டுவ, டாக்டர்கிட்ட சொன்னா உன்னைத் திட்டுவாரு" என்றார்கள். எங்களைக் காப்பாற்றுவதற்காக மறைத்திருக்கிறார்கள்.

அம்மாவே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. "எத்தனையோ பேர் இப்படித்தான் செய்கிறார்கள், சொன்னது நல்லது" என்று சொல்லி, பிசியோதெரபி எழுதித் தந்து, வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். மிகவும் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்த பிறகு முழங்கால் கொஞ்சம் பரவாயில்லை. நடைக்கு ராயபுரத்தில் சித்தி வீட்டில் தங்கும் நாட்களில் ராபின்சன் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த பூங்கா அது, அம்மா அந்தக் காலத்து அரசியல் கதை சொல்லிக்கொண்டே கூடுதலாக ஒரு சுற்று வந்துவிடுவார்.

ஒரு கேள்வி சிஸ்டர். அம்மாவுக்கு டெக்சாவில் டி ஸ்கோர் மைனஸ் 2.7 என்று வந்திருக்கிறது. எலும்புக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஜோலட்ரானிக் ஆசிட் ஊசி என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

---

வியாசர்பாடி_கணவர் எழுதியது:

இடையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்கு டாமாக்சிஃபென். முன்பு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாள். இப்போது சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறாள், அப்புறம் அழுகிறாள். பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

---

காசிமேடு_மீன்காரி எழுதியது:

அண்ணா, அண்ணி இரவில் தூங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். நான் தூங்காத மறுநாள்தான் யாரைப் பார்த்தாலும் கோபம் வரும். இரவில் அவர் வேர்த்து எழுந்தால் நீங்களும் எழுந்து ஃபேனைக் கூட்டிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். "எல்லாம் உன் மனசுலதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த ஒரு வார்த்தைக்கு நான் என் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் பேசவில்லை. பிள்ளைகளிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், அம்மா தங்களை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். எதிலும் பிடிப்பில்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

---

பெயர்_வேண்டாம் எழுதியது:

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. லெட்ரோசோல் தொடங்கியதிலிருந்து கீழே வறண்டு எரிகிறது. சிறுநீர் போனால்கூட எரிச்சல். தாம்பத்தியம் என்றாலே பயம். ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

---

ராயபுரம்_சிஸ்டர் எழுதியது:

கூச்சப்பட வேண்டாம் கண்ணு. வார்டில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் இதைக் கேட்காத பெண்கள் குறைவு. ஈஸ்ட்ரோஜென் வற்றினால் அங்குள்ள தோல் மெலிந்து வறண்டுபோகும். ஹார்மோன் கலக்காத வெஜைனல் மாய்ஸ்சரைசர் மருந்துக் கடையில் கிடைக்கும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட வேண்டும். உறவுக்கு முன் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் தனி. இரண்டும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆணுறையைக் கிழித்துவிடும். சோப்பு போட்டு உள்ளே கழுவாதீர்கள். ஈஸ்ட்ரோஜென் கிரீம் யார் எழுதிக் கொடுத்தாலும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைத்துக் கொடுங்கள். சிறுநீர் எரிச்சல் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், சோதித்துவிடுங்கள்.

டாமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது: மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள், கர்ப்பப்பை உட்சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனை. பார்வை மங்கினால் கண் டாக்டர். இளம் வயதுக்காரர்கள் கவனிக்க: மாதவிலக்கு நின்றுபோனாலும் கரு தங்கலாம், இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர் டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழியைக் கேளுங்கள்.

---

மூலக்கொத்தளம்_மூலிகை எழுதியது:

கொருக்குப்பேட்டைத் தம்பி சொன்னது புரிந்தது. நோயின் வகை எனக்குத் தெரியாது. லேகியம் வேண்டாம். மூட்டுக்கு வெளியே தடவுகிற நல்லெண்ணெய் ஒத்தடமாவது செய்யலாமா?

---

ராயபுரம்_சிஸ்டர் எழுதியது:

தாராளமாக. ஆனால் ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் என்றால் அந்தக் கையை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், சூடான ஒத்தடமும் வேண்டாம். கை வீக்கம் வந்துவிட்டால் இறங்குவது கஷ்டம்.

---

வண்ணை_தையல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சீட்டு எழுதிக்கொண்டு போனேன். இந்த முறை வேறு டாக்டர் இருந்தார், வயசில் சின்னப் பெண். சீட்டை முழுக்கப் படித்துவிட்டு என் விரலைத் தானே மடக்கிப் பார்த்தார். லெட்ரோசோலை நிறுத்தச் சொல்லி, சில வாரம் கழித்து எக்ஸிமெஸ்டேன் தொடங்கச் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டுமாம். விரலுக்கு எலும்பு டாக்டர் ஒரு ஊசி போட்டு, இரவில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்.

புது மாத்திரையிலும் வலி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்து கொஞ்ச நேரத்தில் விரல்கள் இளகிவிடுகின்றன, முன்பு மதியம் வரை ஆகும். கொக்கி வைக்கிற வேலையை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டேன். கல்யாண சீசனில் அவசர ஆர்டர் எடுப்பதில்லை. வருமானம் குறைந்துவிட்டது, அது உண்மையான கஷ்டம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொக்கியும் ஓரமும் தைக்கச் சொல்லிக் கொடுத்துக் கூலி தருகிறேன்.

எரிச்சல் ஒன்று மட்டும் இருக்கிறது. இதையெல்லாம் மாத்திரை எழுதும் அன்றே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இப்படி விரல் விறைக்கும், இப்படி வந்தால் எங்களிடம் வா, வேறு மாத்திரை இருக்கிறது என்று. நோய் திரும்ப வந்துவிட்டதோ, எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று எத்தனை இரவு விழித்துக்கொண்டு கிடந்தேன்.

---

காசிமேடு_மீன்காரி எழுதியது:

அந்தப் பயம் எனக்கும் இருந்தது அக்கா. முதுகு வலித்தால் போதும், அவ்வளவுதான் என்று நினைப்பேன். சிஸ்டர், இதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

---

ராயபுரம்_சிஸ்டர் எழுதியது:

மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று பல மூட்டுகளில். எழுந்ததும் அதிகம், நடமாட நடமாடக் குறையும். ஒரே இடத்தில் எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி, நாளாக நாளாகக் கூடுவது, படுத்தாலும் விடாதது, ராத்திரியில் எழுப்புவது என்றால் தேதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். முதுகுவலியோடு கால் பலம் குறைந்தாலோ, மூத்திரம் அடங்காமல் போனாலோ அன்றே எமர்ஜென்சி. வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

திருவொற்றியூர் மகளுக்கு: மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு என்று கணக்கு. அதனால் ஊசி கொடுப்பது சரியான முடிவுதான். ஊசிக்கு முன் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலிலேயே பிடுங்கி ஆறட்டும். அரிதாக, இந்த ஊசி போட்ட பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும். சிறுநீரகச் சோதனையும் கால்சியம் அளவும் பார்ப்பார்கள். முதல் ஊசிக்கு அப்புறம் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும், முந்தின நாளே நிறையத் தண்ணீர் குடிக்க வைத்துவிடுங்கள். கேழ்வரகுக் கூழ், முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலி எல்லாம் நல்லது, ஆனால் அவை ஊசிக்கும் கால்சியம் மாத்திரைக்கும் பதிலாகாது. அம்மா தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஈரத் தரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளியலறையில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள்.

---

திருவொற்றியூர்_மகள் எழுதியது:

தைராய்டு மாத்திரை போடுகிறார் சிஸ்டர், இரண்டையும் காலையில் ஒன்றாகத்தான் விழுங்குகிறார். இன்றிலிருந்து கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோடு மாற்றிவிடுகிறேன். கீழ்த்தாடையில் ஆடுகிற பல் ஒன்று இருக்கிறது, ஊசித் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி நாளைக்கே கேட்கிறேன்.